நான் அடித்த ஒரே ஒரு வசனம்

அவைக்குத் தலைமை தாங்கி அமர்ந்திருக்கும் பெரியவர் கஸ்தூரிரங்கன் அவர்களே! அலுவலகக் கோப்புகளோடு மல்லாடிய நேரம் போக மிச்ச நேரமெல்லாம் இந்தச் சங்கத்துக்கே தந்த நிர்வாகிகளே! ஆர்.கே.புரத்துக் குவார்ட்டர்ஸ்களிலிருந்து குளிரைக் கிழித்துக்கொண்டு குடும்பத்தோடு வந்திருக்கும் பெருமக்களே! மதராசி கேம்ப் குடிசைகளிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, பின்வரிசைதான் வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்திருக்கும் என் தாய்மாரே! ஜங்புராவில் மளிகைக்கடை வைத்திருக்கும் இந்தச் சதாசிவம் உங்கள் எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறான்.

என்ன சார்? மைக்கா? இப்போது கேட்கிறதா? அச்சா. சரக்கு விற்கக் கூவிப் பழகிய தொண்டை சார் இது. மைக் இல்லாவிட்டாலும் மலை மந்திர் வரைக்கும் கேட்கும்.

அழைப்பிதழில் என் பெயருக்கு நேரே 'புரவலர்' என்று போட்டிருக்கிறார்கள். பத்து நிமிடம் கழித்து அந்தச் சொல்லை அடித்துவிடலாமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

கேம்ப்பில் இருக்கும் பெண்களுக்கு இந்தி தண்ணீர்பட்ட பாடு. ஆனால் சாணக்கியபுரியில் வெளிநாட்டுக்காரர் வீட்டில் வேலை வேண்டுமானால் இங்கிலீஷ் வேண்டும். பள்ளிக்கூடத்தையே பார்க்காதவளுக்குப் பாடப்புத்தகம் எதற்கு? அவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வந்த மாதங்கி டீச்சர் ஒரு வழி சொன்னார்: "நடிப்போம் அண்ணாச்சி! ஒருத்தி மேம்சாப், ஒருத்தி வேலைக்காரி. வாய் பழகட்டும், பயம் விலகட்டும்." கடை மாடியைக் காலி செய்து கொடுத்தேன். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஆங்கிலம் அரங்கேறியது!

போன வருடம் இதே மேடையில் மேம்சாப்பாக நடித்த ராஜாத்தி நடுவில் வசனம் மறந்து நின்றாள். நீங்கள் சிரித்தீர்கள். முன்வரிசையிலிருந்து, "மேம்சாப்புக்கு மூச்சு நின்னுடுச்சு!" என்று ஒரு குரல்கூட வந்தது. தலையைக் குனியாதீர்கள் ஐயா, நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குப் போனதும் எனக்கு அவமானமாக இருந்தது. என் செலவில் போட்ட நாடகமாயிற்றே!

அதனால் இந்தமுறை டீச்சர் புது நாடகம் எழுதியவுடன் காகிதத்தைக் கேட்டு வாங்கினேன். அதில் ஒரு டெலிபோன் காட்சி. பெரிய கம்பெனியில் போன் எடுக்கும் பெண்ணாக வள்ளியம்மை. அவள் பேசவேண்டியதன் நடுவே இங்கிலீஷில் ஒரு வசனம்: 'எனக்குப் புரியவில்லை. மெதுவாகத் திரும்பச் சொல்லுங்கள்.'

"டீச்சரம்மா, இது வேண்டாம். வசனத்தை மறந்துட்டு முழிக்கிறாள்னு ஜனம் சிரிக்கும்" என்றேன்.

"அண்ணாச்சி, இந்த ஒரு வரிக்காகத்தான் அந்தக் காட்சியையே எழுதினேன்" என்றார்.

"சொத்தைக் கத்தரிக்காயை யாராவது கூடையில் மேலாக வைப்பார்களா?" என்று கேட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தேன். மாடி என்னுடையது. டீச்சர் காகிதத்தை வாங்கிக்கொண்டு மாடியேறினார்.

வள்ளியம்மையின் கணவர் ஏகாம்பரம் சரக்குக் கப்பலில் சமையல்காரர். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு துறைமுகத்திலிருந்து என் கடை எஸ்.டி.டி. பூத்துக்குத்தான் பேசுவார். போன ஆகஸ்டில், பகல் பதினொரு மணிக்கு ஒரு போன் வந்தது. பெண் குரல், கடகடவென்று இங்கிலீஷ். எனக்கு 'வள்ளியம்மை' என்பது மட்டும்தான் பிடிபட்டது. மாடியில் ஒத்திகையில் இருந்தவளைக் கூப்பிட்டேன்.

ரிசீவரை வாங்கினாள். கேட்டாள். முகம் வெளுத்தது. என்னைப் பார்த்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "பேசு, பேசு" என்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்!

அவள் நிமிர்ந்து, நாடகத்துக்குப் படித்த வசனத்தையே சொன்னாள்: "ஐ ஆம் ஸாரி. நாட் நவ். கைண்ட்லி கால் டுமாரோ. தேங்க் யூ." ஒரு தடங்கல் இல்லை, ஒரு திணறல் இல்லை. ரிசீவரை வைத்தாள்.

நான் கைதட்டினேன்.

கடையில் நின்றவர்கள் எல்லோரும் தட்டினார்கள். "அடியே, வெள்ளைக்காரியே உன்கிட்ட பிச்சை வாங்கணும்டி!" என்றாள் கூடவே இறங்கி வந்திருந்த ராஜாத்தி. "போன்ல யாரு?"

"அவரு பேரைச் சொன்னாங்க அக்கா. கப்பல் ஆபீஸா இருக்கும். நாளைக்குப் பேசச் சொல்லிட்டேன்."

அந்த நாளை வந்தது. பம்பாயிலிருந்து கப்பல் ஏஜெண்ட் பேசினார், இந்தியில். ஏகாம்பரம் இனி இல்லை என்றார்.

ஒரு மாதம் கழித்து, கிரீஸ் நாட்டு ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து ஒரு நர்ஸ் வள்ளியம்மைக்கு எழுதிய கடிதம் வந்தது. டீச்சர் படித்துச் சொன்னார்: 'ஆபரேஷனுக்கு முன் உங்களோடு இரண்டு நிமிடம் பேச ஆசைப்பட்டார். நீங்கள் நாளை என்றீர்கள். அவரிடம் சொன்னேன். சரி, வேலையாக இருப்பாள், நாளைக்கே பேசுகிறேன் என்று சிரித்தார்.'

அம்மா, அழாதீர்கள். என்னைப் பேசி முடிக்க விடுங்கள்.

வள்ளியம்மை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "அண்ணாச்சி, அவரு பேரு மட்டுந்தான் காதுல விழுந்துச்சு. மத்ததெல்லாம் புரியலைன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதுக்கு எனக்கு வசனம் இல்லையே" என்றாள்.

வசனம் இல்லை! யார் எடுத்தது? இந்தக் கை! எதற்காக எடுத்தது? நீங்கள் சிரித்துவிடுவீர்களே என்று! தடுமாறாமல் பேசுவதா மொழி? தெரியாததைத் தெரியாது என்று கேட்கத் துணிவதல்லவா மொழி? அந்தத் துணிவைத்தானே டீச்சர் நாடகமாக்கித் தந்தார்? அதைத்தானே நான் சொத்தை என்று தூக்கி எறிந்தேன்?

இதோ, இந்தத் திரைக்குப் பின்னால் வள்ளியம்மை நிற்கிறாள். வேறு வேடம் தருகிறேன் என்றார் டீச்சர். "அதே போன் காட்சிதான் டீச்சர் வேணும். அந்த வரியோட" என்றாள். ஐந்து மாதமாக அதைச் சொல்லிப் பார்க்கிறாள். பாதியில் குரல் உடைந்துவிடுகிறது. இன்றும் உடையலாம்.

உடைந்தால் சிரிக்காதீர்கள். முடிப்பாள், காத்திருங்கள். முடித்ததும், உங்கள் கைகளை அங்கே தட்டுங்கள். நான் அன்றைக்குத் தப்பான இடத்தில் தட்டிவிட்டேன்.

இவ்வளவு நேரம் பொறுத்த உங்களுக்கு நன்றி. அடித்த வரியை மீண்டும் தன் கையாலேயே எழுதிக்கொடுத்த மாதங்கி டீச்சருக்கு நன்றி. வள்ளியம்மா, உனக்கு மட்டும் நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மன்னிப்புக் கேட்டு, உன் திசையிலேயே திரும்பி நின்று வணங்குகிறேன்.

திரையைத் திறங்கள்.