ஹுவான் தோமாஸின் பெயர் அழிந்த விவரம்

பெயர்: எர்மெலிந்தா குவைமாஸ். வயது: 61. கணவர்: காலஞ்சென்ற நிகனோர் வேகா. தொழில்: ஆடு வளர்ப்பு. முகவரி: லாஸ் தூஸ்காஸ் கிராமம், லா ரியோஹா மாகாணம், அர்ஜென்டினா. பதிவான நாள்: 14 மே 1996, காலை 10.20. பதிவு செய்தவர்: நீதிமன்ற விசாரணை எழுத்தர்.

நான் மேற்படி முகவரியில் பிறந்தது முதல் வசித்து வருகிறேன். எங்கள் ஊர்க் கோயிலின் சாவி இருபத்திரண்டு வருடமாக என் பொறுப்பில் உள்ளது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். யாருடைய மிரட்டலுக்கும் பயந்து இதைச் சொல்லவில்லை. பயமே இல்லையா என்று எழுத்தர் கேட்டார். பயம் இருக்கிறது, மிரட்டல்தான் இல்லை என்றேன். அதையும் எழுதச் சொன்னேன்.

எங்கள் மேய்ச்சல் காடு யார் பெயரிலும் தனியாக இல்லை. ஸ்பெயின் அரசன் காலத்தில் தோன் லொரென்சோ வேகா என்பவருக்குக் கொடுக்கப்பட்ட நிலம் அது. அவருக்குப் பிள்ளைகள் ஆறு பேர். அந்த ஆறு பேரின் வம்சத்தில் வந்தவர் எவரும் அங்கே ஆடு விடலாம், விறகு வெட்டலாம், ஊற்றில் தண்ணீர் மொள்ளலாம். இதுவரை பங்கு பிரித்ததில்லை. இப்போது அங்கே பதினோரு வீடுகள் இருக்கிறோம். என் வீட்டையும் சேர்த்து நான்கு வீடுகள் மூத்தவரான ஹுவான் தோமாஸின் வம்சம். நான் தாய் வழியில் அவருக்கு ஐந்தாம் தலைமுறை. யார் எந்த வம்சம் என்பது ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும், அதைக் காகிதத்தில் காட்டு என்று எங்களை யாரும் கேட்டதில்லை.

அந்த ஆறு பேருக்கும் ஞானஸ்நானம் ஆன விவரம் எங்கள் கோயிலில் உள்ள பழைய பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. தலைநகரில் இருந்த நகல் நூறு வருடத்துக்கு முந்தைய நிலநடுக்கத்தில் போய்விட்டது. பிற்காலத்துப் பிறப்பு, கல்யாணம் எல்லாம் அரசாங்கப் பதிவில் கிடைக்கும். ஆனால் அந்த ஆறு பேரும் தோன் லொரென்சோவின் பிள்ளைகள் என்று சொல்வதற்கு உலகத்தில் இந்த ஒரு புத்தகம்தான் உண்டு.

அந்தப் புத்தகத்தை நாங்கள் என்ன செய்து வந்தோம் என்று எழுத்தர் கேட்டதால் சொல்கிறேன். ஒவ்வொரு வருடமும் நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாள் அன்று மத்தியானம், புத்தகத்தைப் பீடத்தின் மேல் விரித்து வைப்போம். ஒவ்வொரு வீட்டாரும் வரிசையாக வந்து, தீர்த்தத்தில் மோதிர விரலை நனைத்து, தங்கள் மூத்தவர் பெயர் மேல் வைத்து, அந்த வருடம் வீட்டில் செத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால்தான் மூத்தவர் மறுமையின் வாசலுக்கு வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார். சாவு இல்லாத வீட்டாரும் சும்மாவாவது வந்து விரல் வைப்பார்கள். முன்பெல்லாம் யாருக்கும் படிக்கத் தெரியாது, மைக்கறைக்குக் கீழே மூன்றாவது வரி, மடங்கிய மூலைக்குப் பக்கத்தில் என்று இடம் பார்த்துத்தான் வைப்பது. எழுத்து மங்க மங்க, மூத்தவர் காது கொடுக்கிறார் என்று சந்தோஷப்பட்டோம். ஒரு பாதிரியார் எங்களைத் திட்டித் தீர்த்தார். அவர் வருவதே வருடத்தில் மூன்று முறை என்பதால், அவருக்கு ஓர் ஆட்டுக்குட்டி கொடுத்து அனுப்பிவிட்டு நாங்கள் எங்கள் வழக்கத்தைப் பார்த்தோம்.

ஆறு பேரில் கடைசிப் பிள்ளையான பெர்னார்தினோவின் பெயரை மட்டும் யாரும் தொட்டதில்லை. அவர் கோவேறு கழுதைக் கூட்டத்தோடு வெளியூர் போனவர், திரும்பவில்லை, அவருக்கென்று எங்கள் ஊரில் வீடு கிடையாது.

சென்ற வருடம் ஆகஸ்ட் மாதம் கோர்தோபா நகரத்திலிருந்து ஆபெல் வேகா என்ற பொறியாளர் வந்தார். அவர் பெர்னார்தினோவின் வம்சம். அவர் மோசடிக்காரர் இல்லை, முகத்தைப் பார்த்தாலே எங்கள் ஆள் என்று தெரிந்தது, என் கொழுந்தன் தேஹோவுக்கு உள்ள அதே காது. தேஹோ ஊர்ச் சபைத் தலைவர், அவர் வீட்டில் ஆடு அடித்துப் போட்டார்கள். அதன் பிறகு பொறியாளர் புத்தகத்தைப் பார்க்கக் கேட்டார். நான் திறந்து காட்டினேன். பெர்னார்தினோவின் பதிவு, தகப்பன் பெயர், தாய் பெயர், ஞானத்தகப்பன் பெயர் எல்லாம் நேற்று எழுதியது போல் இருந்தன.

"எவ்வளவு தெளிவா இருக்கு பாருங்க" என்றார் பொறியாளர்.

"இல்லாம பின்ன? இருநூறு வருஷமா ஒரு ஈ காக்கா வந்து தொடலியே" என்றார் தேஹோ.

எல்லாரும் சிரித்தோம், பொறியாளரும் சிரித்தார். அவர் ஏற்கெனவே தன் உரிமையை ஓர் ஆலிவ் தோட்டக் கம்பெனிக்கு விற்றுவிட்டார் என்பதை நாங்கள் பத்து நாள் கழித்து நீதிமன்ற அறிவிப்பு வந்த பிறகுதான் தெரிந்துகொண்டோம். வம்சத்தைப் பதிவில் காட்ட முடியாதவர்கள் காட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று கம்பெனி கேட்டிருந்தது. நிபுணர் வந்து பார்க்கும் வரை புத்தகத்தைப் பூட்டி வைக்க வேண்டும், யாரும் தொடக்கூடாது என்றும் அறிவிப்பில் இருந்தது. அதை எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார்கள். புரிந்துகொண்டுதான் கையெழுத்துப் போட்டேன்.

எங்கள் வக்கீல் பாஸோ அப்போது சொன்னது: "ஒரே ஒரு வீட்டுக்காவது நிரூபணம் ஆயிட்டா போதும்மா. அவங்க சம்மதம் இல்லாம காட்டைப் பிரிக்க முடியாது. மத்தவங்க அவங்க நிழல்ல இருந்துக்கலாம்."

அதன் பிறகு பூட்டுவதற்கு முன் நான் தனியாகப் புத்தகத்தைப் பார்த்தேன். நான்கு பெயர்கள் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை, காகிதம் வெங்காயச் சருகு போல் இருந்தது. ஹுவான் தோமாஸ் இருந்த இடத்தில் மட்டும் கடைசி இரண்டு எழுத்தும், தகப்பன் பெயரில் பாதியும் மங்கலாக இருந்தன. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரே அதன் மேல் ஆசை வைத்துவிடும் என்று நினைத்தேன்.

செப்டம்பர் 19ஆம் தேதி என் ஒரே மகள் தெல்மிரா இறந்தாள். வயது 34. சுவர் இடுக்கில் இருக்கும் பூச்சி கடித்து வரும் நெஞ்சு நோய், எங்கள் பக்கத்தில் பலருக்கு உண்டு. ஆஸ்பத்திரிக்குப் போகும் பேருந்திலேயே உயிர் போய்விட்டது. பக்கத்து இருக்கைக்காரர் தூங்குகிறாள் என்று நினைத்து, வெயில் படாமல் இருக்க ஜன்னல் திரையை இழுத்துவிட்டிருக்கிறார். இது வழக்குக்குத் தேவையில்லை என்று எழுத்தர் சொன்னார். தேவை என்று நான் சொன்னேன்.

நவம்பர் இரண்டாம் தேதி மத்தியானம் மற்ற பத்து வீட்டாரும் கோயில் வாசலுக்கு வந்தார்கள். நான் புத்தகத்தைக் கொடுக்க மறுத்தேன்.

"கோர்ட்டு சொல்லியாச்சு. யாரும் விரல் வைக்கக் கூடாது" என்றேன்.

"உன் பிள்ளை பேரையே உன்னால சொல்ல முடியல மதினி. அப்புறம் நாங்க என்னத்தக் கேக்குறது" என்றார் தேஹோ. தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். மற்றவர்களும் கலைந்து போனார்கள்.

இந்த இடத்தில், அன்று நடந்த மற்றதையும் வரிசையாகச் சொல்லும்படி கேட்டார்கள். என்னால் முடியவில்லை. கடைசியில் சொல்கிறேன் என்று அனுமதி வாங்கினேன்.

இந்த வருடம் ஏப்ரல் மாதம் ஆவண நிபுணர் செல்வி எச்சாவே வந்து, கறுப்புத் துணிக்குள் விளக்கு வைத்து இரண்டு நாள் புத்தகத்தைப் பார்த்தார். பெர்னார்தினோவைத் தவிர மற்ற ஐந்து பெயர்களும் முற்றாக இல்லை என்றார். சின்ன வயதுப் பெண், கண் சிவந்து போயிருந்தது.

"ஒரே ஒரு எழுத்தோட வால் இருந்தாக்கூட இந்த வெளிச்சத்துல மீதியை எடுத்திருப்பேன்மா" என்றார்.

நான் அவருக்கு மாத்தே இலைத் தேநீர் போட்டுக் கொடுத்தேன். குடித்தார்.

அதன் பிறகு வக்கீல் எங்களைக் கூப்பிட்டுச் சொன்னார். பதிவு தீயில் போனாலோ, வெள்ளத்தில் போனாலோ, யாராவது குற்றமாக அழித்தாலோ, ஊர்ப் பெரியவர்களின் சத்தியத்தைக் கேட்டு நீதிபதி அதை மறுபடி எழுதச் சொல்லலாமாம். கும்பிட்டுக் கும்பிட்டுத் தேய்ந்து போனதற்குச் சட்டத்தில் இடமில்லையாம். அன்று சாயங்காலம் எல்லாரும் என் வீட்டு முற்றத்தில் கூடினார்கள்.

"சாவி உன் கையிலதான இருக்கு மதினி. பிளேடு வச்சு சுரண்டினேன்னு சொல்லிடு" என்றார் தேஹோ.

"எதுக்கு சுரண்டினேன்னு கேப்பாங்களே."

"எங்க மேல உள்ள ஆத்திரத்துலன்னு சொல்லு. உன் வாய்க்கு அதை யாரும் நம்பாம இருக்க மாட்டாங்க."

"ஜெயில்ல போட்டா?"

"உன் ஆட்டை நாங்க பாத்துக்கிறோம். வயசானவளை ரொம்ப நாள் வைக்க மாட்டாங்க."

நான் ஒப்புக்கொண்டேன். மகளும் போன பிறகு ஜெயில் என்ன, வீடு என்ன என்று இருந்தது. எல்லாரும் எனக்கு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். என்னோடு பேச்சுவார்த்தை இல்லாத வீட்டாரும் கொடுத்தார்கள்.

இன்று காலை இதே அறையில் முதலில் அந்தப் பொய்யைத்தான் சொன்னேன். பிளேடால் சுரண்டினேன் என்றேன். எழுத்தர் நிபுணரின் அறிக்கையை எடுத்துப் படித்தார். காகித நாரில் எங்கும் வெட்டு இல்லை, சுரண்டல் இல்லை, ஈரமும் விரல் அழுக்கும் மட்டுமே உள்ளன என்று அதில் இருந்தது. அதன் பிறகு எனக்குச் சொல்வதற்குப் பொய் எதுவும் இல்லை.

ஆகவே நவம்பர் இரண்டாம் தேதி நடந்ததைச் சொல்கிறேன். எல்லாரும் போன பிறகு கதவைச் சாத்திவிட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். நீதிமன்றக் கட்டளை எனக்கு ஞாபகம் இருந்தது. வக்கீல் சொன்னதும் ஞாபகம் இருந்தது. ஹுவான் தோமாஸின் இரண்டு எழுத்தும், தகப்பன் பெயரில் பாதியும் இருப்பதைக் கண்ணால் பார்த்தேன். தொட்டால் போய்விடும் என்று தெரியும். தொடாவிட்டால் என் மகள் பேருந்தில் செத்தது போலவே யாரும் கவனிக்காமல் எங்கேயோ உட்கார்ந்திருப்பாள் என்று தோன்றியது. ரொம்ப நேரம் நின்றேன். அதன் பிறகு விரலை நனைத்து வைத்தேன். தெல்மிராவின் பெயரைச் சொன்னேன். ஒரு முறை சொன்னால் போதும். நான் பல முறை சொன்னேன், மூத்தவரின் தகப்பன் பெயரையும் சேர்த்துத் தடவிவிட்டேன். விரலை எடுத்தபோது அங்கே ஒன்றும் இல்லை.

தெரிந்தே செய்தது குற்றமாகுமா என்று எழுத்தரைக் கேட்டேன். அதை நீதிபதிதான் சொல்ல வேண்டும் என்றார். குற்றம் என்றே எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன். குற்றம் என்றானால் மூத்தவர் பெயரை மறுபடி எழுதலாம் அல்லவா என்று கேட்டேன். எழுத்தர் அதையும் எழுதிக்கொண்டார்.

இந்த விவரத்தை ஊரில் யாருக்கும் நான் சொல்லவில்லை. தேஹோ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் பிளேடு என்று சொல்லி முடித்திருப்பேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்காக வெள்ளாட்டுப் பாலாடைக் கட்டியும் கம்பளியும் ஜெயிலுக்குக் கொண்டுபோகக் கட்டி எடுத்து வந்திருக்கிறார். இந்தக் கதவைத் திறந்ததும் அவரிடம் என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. நான் சொன்னபடியே உள்ளது, சொன்னது உண்மை.

(ஒப்பம்) எர்மெலிந்தா குவைமாஸ்