உருளைக்குள்ள துடிச்ச இதயம்

இன்னும் கிட்ட வாங்க... இதைச் சத்தமாச் சொல்ல எனக்கு ஆகாது.

என் ஃப்ரெண்டோட மச்சானுக்கு நடந்தது. விடிய இன்னும் நேரம் இருக்கு, மணி நாலே முக்கால். ஊருக்கு வெளியே பைபாஸ் ரோடு... முன்னாடி பின்னாடி ஒரு வண்டி கிடையாது. அந்த ரோட்டுல ஓர் இதய ஆராய்ச்சிக் கூடம். அங்க அவர் ஸ்கேன் எடுக்கிறவர், தினமும் அந்நேரத்துக்கே வேலைக்குப் போயிடுவார்.

நம்ம இதயத்துக்குக் கொழுப்புதான் முக்கியமான தீனி. கதிர் வீசுற மருந்து ஒட்டின கொழுப்பை ஊசியில ஏத்துவாங்க. ரத்தத்துலேர்ந்து இதயத் தசைக்குள்ள அது போறது திரையில வெளிச்சமாத் தெரியும். போகலைன்னா அந்த இடம் இருட்டு, அங்க தசை கெட்டுக் கிடக்குன்னு அர்த்தம்.

ஆராய்ச்சிக்கு ஆள் கிடைக்கலை. சொந்த அண்ணனைக் கெஞ்சிக் கூட்டிட்டு வந்து படுக்க வச்சார். திரையில ஒரு பக்கம் பூரா... இருட்டு. இது ஆராய்ச்சி, வைத்தியம் இல்ல, வாயைத் திறந்தா வேலை இருக்காதுன்னுட்டார் பெரிய டாக்டர். அண்ணன் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கிட்டே கேட்டாராம், எப்படிடா இருக்குன்னு.

"உனக்கென்ன, குதிரை மாதிரி இருக்கே."

பதினேழாம் நாள்... குளிக்கப் போன அண்ணன் வெளியே வரலை.

ஒரு வாரம் கழிச்சு இவர் வேலைக்குப் போனார். அதே நாலே முக்கால். மிஷின் சரியா இருக்கான்னு பார்க்க, மருந்து கலந்த தண்ணியை ஓர் உருளையில அடைச்சு, முதல்ல அதைப் படம் எடுக்கணும். தட்டு மாதிரி ஒரே வெளிச்சமா வரும்.

வந்தது இதயம்... துடிக்குது. ஒரு பக்கம் இருட்டு. அறையில இருந்த ஸ்பிரிட் நெடியையும் மீறி ஈரச் சோப்பு வாசனை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மிஷினோட படுக்கை 'கிர்ர்ர்...'னு தானா வெளியே வந்துச்சு. யாரையோ இறக்கி விடுற மாதிரி.

நேரா அண்ணி வீட்டுக்கு ஓடினார். எல்லாத்தையும் கொட்டிட்டார். அண்ணி அழலை.

"நெஞ்சு வலிக்குதுன்னார், ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டேன். தம்பியே பார்த்துச் சொல்லிட்டான், அப்புறம் என்னன்னு சிரிச்சார்."

அவ்வளவுதான். கதவைச் சாத்திட்டாங்க. அந்தக் கதவு இன்னிக்கு வரைக்கும் அவருக்குத் திறக்கலை.

அவர் வேலையை விட்டுட்டார். பெரிய டாக்டர் அண்ணனோட படத்தை மட்டும் தூக்கிப் போட்டுட்டு, மிச்சத்தை வச்சுக் கட்டுரை எழுதிப் பேர் வாங்கினார். அப்புறம் மிஷின் பழசாச்சுன்னு மூடிப் போட்டாங்க. கரண்டைப் பிடுங்கி மூணு மாசம் கழிச்சுக் கழட்ட வந்த ஆளுங்க, படுக்கையில வச்ச கையை வெடுக்குன்னு எடுத்துட்டாங்களாம்.

சூடா இருந்துச்சாம்... நெஞ்சு படுற இடம் மட்டும்.