துண்டின் எடை போக

எனக்கு நன்றாகத் தைக்க வரும். மேசைமேல் விரித்து வைத்திருக்கிறீர்களே, அந்தத் துண்டின் ஓரத்தைப் பிரித்தவர் கத்தரியை அவசரமாகப் போட்டிருக்கிறார். நூலின் ஒரு முனையைப் பிடித்து இழுத்திருந்தால் துணி கிழியாமல் முழுத் தையலும் கழன்று வந்திருக்கும்.

வாக்குமூலத்தில் நீங்கள் எழுதிக்கொள்ள வசதியாக வரிசையாகவே சொல்கிறேன், மேடம்.

என் வேலை தராசு சரிபார்ப்பது. கடைக்காரர்கள் தராசையும் எடைக்கற்களையும் எங்கள் பட்டறைக்குக் கொண்டுவருவார்கள். இரும்புக் கல்லின் அடியில் ஒரு குழி இருக்கும். கல் தேய்ந்து எடை குறைந்திருந்தால் அந்தக் குழியில் கொஞ்சம் ஈயம் சேர்ப்போம். சரியாகிவிட்டால் முத்திரை. சரியாகாததன்மேல் சிவப்புச் சாயத்தில் ஒரு கோடு இழுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். பதினோரு வருடம் அந்தக் கோட்டை இழுத்திருக்கிறேன். கோடு விழும்போது எதிரில் நிற்பவரின் முகத்தைப் பார்க்கமாட்டேன்.

மகள் பிறந்தபோது இரண்டு கிலோ தொள்ளாயிரம். நல்ல எடை என்றார்கள். தாய்ப்பால் மட்டும் போதும் என்றும் சொன்னார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. வேறொருவர் கை படாமல் என்னால் மட்டும் ஆகக்கூடிய காரியம் என்று என் வாழ்க்கையில் அதற்குமுன் எதுவும் இருந்ததில்லை.

தெருமுனை நல நிலையத்தில் குழந்தைகளை எடை பார்ப்பார்கள். வட்ட முகப்புள்ள பழைய தராசு, மேலே தகரத் தட்டு. தட்டு சில்லென்று இருக்கும் என்பதால் அவரவர் துண்டை விரித்துத்தான் குழந்தையைக் கிடத்த வேண்டும். முதல் நாளே நர்ஸம்மா துண்டை மட்டும் தனியாக நிறுத்து, எடையை அட்டையின் மூலையில் எழுதி வட்டம் போட்டுவிடுவார். ஒவ்வொரு முறையும் மொத்தத்திலிருந்து அதைக் கழிப்பார். என் துண்டு இருநூற்று இருபது கிராம். மஞ்சள் நிறம், ஜோடியாக விற்றது. இன்னொன்று அலமாரியில் இருந்தது.

நான்காவது வாரம் அவர் அட்டையை இரண்டு முறை பார்த்தார்.

"ரெண்டு வாரத்துல நூத்தி முப்பதுதான் ஏறியிருக்கு. பத்தலம்மா. இன்னும் ஒரு வாரம் பாப்போம். அப்பவும் இப்படியேன்னா புட்டிப்பாலும் சேத்துக் குடுத்துடலாம். இதுல வெக்கப்பட என்ன இருக்கு? புள்ள வளரணும்ல?"

அன்பாகத்தான் சொன்னார். என் காதில் ஒரு சொல் மட்டும் தங்கியது. பத்தல.

அன்று மாலையே என் கணவரின் அக்கா பால் பவுடர் டின்னோடு வந்தார். மூன்று பிள்ளை பெற்றவர். வாய் கொஞ்சம் நீளம், மனசு அதைவிட நீளம்.

"நாலு வேளை நீ குடு, நாலு வேளை இதக் குடு. யாருடி உன்ன பரீட்சை எழுதச் சொன்னா?"

"பாத்துக்கறேங்க்கா."

"என்னத்தப் பாப்ப? எலிக்குட்டி மாதிரி இருக்கா. எலிக்குட்டியாவது கீச்சுனு கத்தும்."

சிரித்துக்கொண்டே டின்னை அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். உப்பு ஜாடிக்குப் பக்கத்தில். ஒவ்வொரு முறை உப்பு எடுக்கும்போதும் அதை நகர்த்த வேண்டியிருந்தது.

அந்த வாரம் நான் சும்மா இருந்தேன் என்று நினைக்காதீர்கள். மணிக்கு ஒரு தடவை பால் கொடுத்தேன். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. என்ன சாப்பிட்டால் பால் ஊறும் என்று யார் சொன்னாலும் சாப்பிட்டேன். குழந்தை விழுங்கும் சத்தத்தை எண்ணினேன். முதலில் இருபது வரை வரும். பிறகு பன்னிரண்டு. பிறகு வாயில் வைத்தபடியே தூங்கிவிடுவாள்.

எடை பார்ப்பதற்கு முந்தின நாள், எல்லாருக்கும் குழந்தையைக் காட்டப் போவதுபோலப் பட்டறைக்குப் போனேன். கூட வேலை செய்கிறவர்கள் அவளைச் சுற்றி நின்று கொஞ்சிக்கொண்டிருந்தபோது, என் இழுப்பறையிலிருந்து ஒரு பிடி ஈயக் குண்டுகளை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் நூறு கிராம் நிறுத்து, அலமாரியில் இருந்த புதுத் துண்டின் ஓர மடிப்புக்குள் வரிசையாக வைத்துத் தைத்தேன். ஈயம் குழந்தைக்கு ஆகாது. அது எனக்குத் தெரியும். அதனால் மெழுகுத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றிய பிறகே தைத்தேன். அந்த விஷயத்தில் நான் கவனக்குறைவாக இருக்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் வேண்டும் என்று மட்டும்தான் நினைத்தேன். அடுத்த வாரம் அவளே ஏறிவிடுவாள், நான் குண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவிவிடலாம். தேய்ந்த கல்லுக்கு நாங்கள் செய்வதும் அதுதானே.

நர்ஸம்மா முள்ளைப் பார்த்து முகம் மலர்ந்தார். "பாத்தியா, நாந்தான் சும்மா பயமுறுத்திட்டேன்." ஆறாவது வாரம் இருநூற்று அறுபது கிராம் வைக்க வேண்டியதாயிற்று. ஏழாவது வாரம் நானூற்றுப் பத்து. துண்டை நானே விரித்து, நானே மடித்துப் பையில் வைத்துக்கொள்வேன். அட்டையில் மூன்று கிலோ நானூற்று ஐம்பது ஏறியது. புள்ளிகளைச் சேர்த்து நர்ஸம்மா இழுத்த கோடு அழகாக மேலே போனது.

"ராணியம்மா நல்லா தேறிட்டாங்க. இனிமே வாராவாரம் அலையாத. ஒரு மாசம் கழிச்சு வந்தா போதும்."

நான் அதை எதிர்பார்க்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் கால் தரையில் பாவவில்லை. அது நிம்மதி என்று அன்று நினைத்தேன்.

அந்த மாதம் மகள் அழுவதை நிறுத்திவிட்டாள். வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள். இப்படி ஒரு சமத்துக் குழந்தையைப் பார்த்ததில்லை என்றார்கள். என் கணவர் பேருந்து ஓட்டுகிறவர். விடியும்முன் போனால் பொழுது சாய்ந்துதான் வருவார். அவர் பார்ப்பதெல்லாம் போர்வைக்குள் தூங்கும் ஒரு முகம். முதல் குழந்தை; எவ்வளவு இருக்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அவரைக் குற்றம் சொல்லாதீர்கள்.

எடை பார்க்கும் நாளன்று எனக்கு மார்பு கட்டி, காய்ச்சலில் கிடந்தேன். விடுப்புப் போட்டிருந்த கணவர், நான் கண் அயர்ந்திருந்த நேரத்தில் அவளைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். கொடியில் காய்ந்த பழைய துண்டைக் கையோடு எடுத்திருக்கிறார். திரும்பி வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தார்.

"மூணு கிலோகூட இல்லங்குது. ரெண்டே முக்காலே அரைக்கால் ஏதோ சொல்றாங்க. அது எப்படி, போன மாசத்துக்கு இந்த மாசம் கொறையும்? மிஷின் மக்கர் பண்ணுதாம். உங்க வீட்டுலயே தராசு டாக்டர் இருக்காங்களே, வந்து பாக்கச் சொல்லுங்கன்னு சிரிக்கிறாங்க."

நர்ஸம்மா அட்டையை நம்பினார். அதில் இருந்தது அவருடைய கையெழுத்து.

மறுநாள் என் கற்பெட்டியோடு போனேன். அவர் உள்ளறையில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஒரு கிலோ வைத்தேன். முள் ஒன்றில் நின்றது. இரண்டு வைத்தேன், ஐந்து வைத்தேன். ஒரு மயிரிழை பிசகவில்லை. பதினோரு வருடத்தில் அவ்வளவு நேர்மையான தராசு என் மேசைக்கு வந்ததில்லை. நான் அதன் முகத்தில் சிவப்புக் கோடு இழுத்தேன்.

"ஸ்பிரிங் போயிடுச்சு. பட்டறைக்குக் கொண்டுபோகணும். பத்து நாளாகும்."

"பத்து நாளா? இருக்கறதே இது ஒண்ணுதானேம்மா."

"சீக்கிரம் தரப் பாக்குறேன்."

அந்தப் பகுதியில் எந்தக் குழந்தையையும் அந்த நாட்களில் யாரும் நிறுக்கவில்லை. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தராசை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று மதியம் சன்னல் ஓரம் வைத்து, துண்டில்லாமல் மகளைக் கிடத்தினேன். தகரம் சில்லென்று இருந்திருக்கும். அவள் சிணுங்கவில்லை. இரண்டு கிலோ எண்ணூற்று எழுபது. பிறந்தபோது இருந்ததைவிட முப்பது கிராம் குறைவு. தொடையில் தோல் மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. எடுத்து மார்போடு வைத்துக்கொண்டேன். ஒரு மணி நேரம். மறுபடி கிடத்தினேன்.

எண்ணூற்றுத் தொண்ணூறு.

இருபது கிராம், மேடம். துண்டு இல்லை, ஈயம் இல்லை. அந்த இருபதும் முழுக்க என்னுடையது. தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்று நான் பட்ட சந்தோஷத்தைப் பிரசவ நாளில்கூடப் பட்டதில்லை. டின் அலமாரியில் இருந்தது. கை நீட்டினால் எட்டும் தூரம். இருபது வந்துவிட்டதே, இனி எதற்கு என்று தோன்றியது.

நான்காம் நாள் அக்கா வந்தார். குழந்தையைத் தூக்கினார். சிரித்துக்கொண்டு வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். போர்வையைப் பிரித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். திட்டவில்லை. "டின்னு எங்க?" என்று மட்டும் கேட்டார். கலக்கிக்கொண்டு வந்து வாயில் வைத்தார். அவளுக்குச் சப்பத் தெம்பில்லை. பால் கன்னத்தில் வழிந்தது. அக்கா செருப்புக்கூடப் போடாமல் அவளை எடுத்துக்கொண்டு தெருவில் ஓடினார்.

ஆம், நான்தான் செய்தேன். ஒவ்வொரு கிராமையும் தெரிந்தே வைத்தேன். அவளுக்குக் காது கேட்குமா, உட்காருவாளா என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும் என்று டாக்டர் சொன்னதாகச் சொன்னீர்கள். கேட்டுக்கொண்டேன். இன்னமும் இங்கே தாழ்வாரத்தில் யார் குழந்தை அழுதாலும் என் ரவிக்கை நனைகிறது. இவ்வளவு ஊறுகிற உடம்பைப் பத்தாது என்று எப்படிச் சொன்னார்கள் என்று எனக்குப் புரியவில்லை.

காலையில் உங்கள் காவலர் அம்மா ஒரு நல்ல செய்தி என்று வந்து சொன்னார். குழாய் வழியாகப் புட்டிப்பால் கொடுக்கிறார்களாம், ஆறே நாளில் இருநூற்றுச் சொச்சம் கிராம் ஏறிவிட்டாளாம். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைக் கெடுக்க மனம் வரவில்லை. பெரிய ஆஸ்பத்திரி, ஆயிரம் வேலை இருக்கும். துண்டின் எடையைக் கழிக்க மறந்திருப்பார்கள்.