உப்புநீரில் கிடந்த நார்த்தங்காய்த் தோல்

கீழமாசி வீதி வீரணன் ஏற்றுமதி நிலையத்தில், 1984 சித்திரையில் கூடியிருந்தோர்: நிறுவனர் வீரணனின் மூத்த மகன் கருத்தக்கண்ணன், மேலாளர் சுருளி, பீப்பாய் நிரப்பும் ஒச்சாயி, சுமை தூக்கும் மொக்கையன், மாலைக்குக் கழுத்தை நீட்டக் கூசி நிற்கும், நிலையத்தின் சுங்கத்தாள்களை எழுதும் எழுத்தர் சின்னச்சாமி. இன்று ஓய்வுபெறும் அவருக்கே இம்மடல்.

நேர்மைக்கு நிழலாய், நிலையத்துக்கு நெடுந்தூணாய் நின்ற பெருந்தகை! அவர் எழுதிய சுங்கத்தாள் எதுவும் துறைமுகத்திலிருந்து திரும்பியதில்லை. ஒருமுறை மட்டும் திரும்பிவிடப் பார்த்தது.

உப்புநீரில் ஊறிய நார்த்தங்காய்த் தோல் தூத்துக்குடிக்குப் புறப்பட இருந்த நாள் அது. கெடாதிருக்க மட்டும் உப்பிட்டிருந்தால் அது பழத்தோல் இனத்தில் சேரும். அப்படியே உண்ணலாம் என்றால் ஊறுகாய். அதற்குத் தனி உரிமம் வேண்டும், நிலையத்திடம் அது கிடையாது. "உண்ணத் தகாத நிலையிலுள்ள பழத்தோல்" என்று எழுதிக் கையொப்பமிட்டிருந்தார் சின்னச்சாமி. சுங்க அதிகாரி சோதிக்கச் சரக்குக் கிட்டங்கிக்குள் நுழைந்தபோது, மூலையில் ஒச்சாயி அதே தோலைக் கடித்துக்கொண்டு கூழ் குடித்துக்கொண்டிருந்தார்.

"திங்கிறாங்களே, இது ஊறுகாய் இல்லாம என்ன?" என்றார் அதிகாரி.

பொய் அறிவிப்பு என்று முடிவானால் வீரணன் பேர் துறைமுகத்தில் செல்லாது. கெடுத்தது சின்னச்சாமியின் கையாக இருக்கும். ஒச்சாயி வீட்டிலிருந்து கொண்டுவந்தது என்று சொல்லிவிடும்படி சுருளி காதில் கிசுகிசுத்தார். சின்னச்சாமி அதைச் சொல்லாமல் அதிகாரியிடம் திரும்பினார்.

"நம்ம பீப்பாய்ல கழிச்சுப் போட்டதுதாங்கய்யா. நாந்தான் எடுத்துக்கச் சொன்னேன். அந்தம்மா அதை என்ன செஞ்சுச்சுன்னு கேளுங்க."

ஒச்சாயி கையைக் கழுவிவிட்டு வந்தார்.

"நாலு தண்ணியில அலசி, வெயில்ல காயப் போட்டாத்தான்யா வாயில வைக்கலாம். அப்படியே திங்க எங்க நாக்கு என்ன தகரமா?"

அதிகாரி நம்பவில்லை. தாமே காட்டிய பீப்பாயைத் திறக்கச் சொல்லி, தாமே கைவிட்டு ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டார். அவர் மெல்லத் தொடங்கும்வரை சின்னச்சாமி மூச்சு விட்டாரா என்பது அருகில் நின்ற மொக்கையனுக்கும் தெரியாது. மறுகணம் அதிகாரி வாசலுக்கு ஓடித் துப்பினார். திரும்பி வந்து, பழத்தோல் என்றே ஒப்பமிட்டார்.

பிறர் குடும்பத்தின் பேரைத் தம் பேராய்க் காத்த சின்னச்சாமி, பேரையூர் மண்ணில் பேரப்பிள்ளைகள் சூழ, நோய்நொடி அணுகாமல் நீடு வாழ நிலையத்தார் அனைவரும் கையொப்பமிட்டு வாழ்த்துகின்றனர்.

இறுதியாக ஒன்று. அன்று அந்த அதிகாரியைக் கவனித்துத்தான் அனுப்பினார்கள் என்று கடைத்தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. அது பொய். வீரணன் வீட்டார் அவருக்குக் கொடுத்தது ஒரு செம்புத் தண்ணீர்.