இரு, வந்துடறேன்

"படுங்க! படுங்க!"

கத்திக்கொண்டே ஓடுகிறேன். தேரடித் தெரு. முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை. தோளைப் பிடித்துத் தரையில் அமுக்குகிறேன். இன்னொரு சத்தம். டம். நெஞ்சுக்கூடு அதிர்கிறது. குழந்தை வீறிடுகிறது. யாரோ என் சட்டையைப் பிடித்துத் தூக்குகிறார்.

"யோவ், இன்னாய்யா பண்ற? தீபம் ஏத்திட்டாங்கய்யா. வேட்டுய்யா அது!"

நிமிர்ந்து பார்க்கிறேன். மலை உச்சியில் நெருப்பு. ஊரே அரோகரா சொல்லிக் கைகூப்பி நிற்கிறது. 1973, கார்த்திகை தீபம், மாலை ஆறு மணி. போர் முடிந்து இரண்டு வருடம். எனக்கு மட்டும் அதை யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.

அந்தப் பெண்ணின் முழங்கை சிராய்த்து ரத்தம். மறுபடி ஓடினேன்.

பட்டாளத்துக்காரனிடம் எல்லாரும் வெற்றிக் கதை கேட்கிறார்கள். என்னிடம் அது இல்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

1971 டிசம்பர். எல்லையில் ஒரு கரும்புத் தோட்டம். அடிபட்டவர்களைத் தூக்குவது என் வேலை. ஸ்ட்ரெச்சரின் முன்பக்கம் நான். பின்பக்கம் பாலக்காட்டுக் கிருஷ்ணன்குட்டி. மேலே ஒரு சிப்பாய், வயிற்றில் அடி. எங்கள் ஆள் இல்லை, வேறு கம்பெனி. ஆனால் தமிழில்தான் முனகினான்.

பீரங்கி ஷெல் வருவது இப்படித்தான் கேட்கும். முதலில் புதுத் துணியைக் கிழிக்கிற சத்தம். அப்புறம் ஒன்றுமே கேட்காது. அந்த ஒன்றுமே இல்லாததுதான் பயம்.

"குட்டி, படு!"

நான் என் பக்கத்தைப் போட்டுவிட்டுப் படுத்தேன். அவன் படுக்கவில்லை. அடிபட்டவனுக்கு வலிக்கக் கூடாது என்று தன் பக்கத்தை மெதுவாக இறக்கினான். டம். தலையைத் தூக்கினேன். கிருஷ்ணன்குட்டி இல்லை.

சிப்பாய்க்கு உயிர் இருந்தது. ஸ்ட்ரெச்சரை ஒற்றை ஆள் தூக்க முடியாது. இழுத்துப் பார்த்தேன். அலறினான்.

"இரு, வந்துடறேன். ஆள் கூட்டிட்டு வந்துடறேன்."

என் கையைப் பிடித்துக்கொண்டான். விரல் விரலாகப் பிரித்துவிட்டு ஓடினேன்.

ஆஸ்பத்திரிக் கூடாரம் அரை மைல். போய்ச் சேர்ந்தேன். யாரோ கையில் டீ டம்ளரைத் திணித்தார்கள். உட்கார்ந்தேன். ஒரு ஆள் வேண்டும் என்று சொல்ல வேண்டும். வாய் திறக்கவில்லை. டீயைக் குடித்தேன். ஊதி ஊதி, முழுவதும் குடித்தேன். நான் சொல்லி முடித்தபோது பொழுது சாய்ந்திருந்தது. வேறு இரண்டு பேர் போனார்கள். உயிர் இல்லை என்று திரும்பி வந்தார்கள். யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

பட்டாளத்தை விட்டுத் திருவண்ணாமலைக்கு வந்தேன். மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை தூக்கினேன். தூக்கம் போயிற்று. ஜவுளிக்கடைப் பக்கம் தலைகாட்டுவதில்லை, துணி கிழிப்பார்கள். டீயைத் தொடுவதில்லை. "பாகிஸ்தான்காரனுக்குப் பயப்படாத ஆளு, டீயப் பாத்தா பயப்படறாரு"னு மண்டியில் கிண்டல். நானும் சிரித்துவைப்பேன்.

1975 மே. காலை பதினோரு மணி. மண்டி வாசலில் ஒரு சவப்பெட்டியை இறக்கி வைத்திருக்கிறார்கள். கிறிஸ்தவச் சாவு. இந்தக் கோயில் ஊரில் அவர்கள் கொஞ்சம் பேர்தான். வந்தவர்களில் பாதி பெண்கள், மீதி கிழவர்கள். பெட்டிக்கு நாலு மூலை, மூன்று ஆள். நாலாவது ஆள் வெயிலில் மயங்கிக் கிடக்கிறார். வெள்ளை ஜிப்பா போட்ட சபை உபதேசியார் கடை கடையாகப் பார்க்கிறார். ஒருவரும் அசையவில்லை. யார் வீட்டுப் பிணத்தையோ யார் தொடுவார்கள்?

"யாராவது ஒரு கை குடுங்கப்பா! ஒரே ஒரு ஆளு!"

அன்று கூடாரத்தில் நான் கத்தியிருக்க வேண்டிய வார்த்தை அது.

மூட்டையைப் போட்டுவிட்டுப் போனேன். பின்மூலையைத் தோளில் வாங்கினேன். கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றவில்லை. குழியோரம் மெதுவாக இறக்கினேன். கிருஷ்ணன்குட்டி இறக்கினமாதிரி. பிறகு ஒரு புங்கமரத்தடியில் உட்கார்ந்தது ஞாபகம். விழித்தபோது மூன்று மணி. மற்றவர்கள் போய்விட்டார்கள். உபதேசியார் மட்டும் என் முகத்துக்குக் குடை பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார்.

"நல்லாத் தூங்கினீங்க தம்பி. எழுப்ப மனசு வரல."

மூன்றரை வருடத்தில் முதல் தூக்கம். அழுதேன். எல்லாவற்றையும் சொன்னேன். டீயையும் சொன்னேன். ஆண்டவர் மன்னித்துவிட்டார், போ என்று சுலபமாகச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். அவர் குடையை மடக்கிப் பக்கத்தில் வைத்தார்.

"நீங்க போகல. அது நெசம். ஆனா அவன் தனியா சாகல தம்பி. இயேசு போயிருப்பாரு. சாகறவன விட்டுட்டு வர்ற ஆளு இல்ல அவரு. உங்களயும் விடமாட்டாரு."

அதை நம்பிய நாளெல்லாம் தூங்கினேன். நம்ப முடியாத நாளில் தூங்கவில்லை. பன்னிரண்டு வருடமாக என் விசுவாசம் இவ்வளவுதான். பெரிய சாட்சி எதுவும் இல்லை. அடுத்த வருடம் ஞானஸ்நானம் எடுத்தேன். என் மனைவி சண்டை போடவில்லை.

"உங்களுக்குத் தூக்கம் வந்தா சரி. எந்த சாமி குடுத்தா இன்னா?"

இப்போதெல்லாம் தீபத்தன்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நிற்கிறேன். வேட்டு வெடிக்கும். அவள் இறுக்கிப் பிடிப்பாள். ஓடுவதில்லை.

இது 1987. கணக்கைச் சொல்லி முடிக்கிறேன்.

இழந்தது கிருஷ்ணன்குட்டியை. வயது இருபத்து மூன்று. அவன் அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பதினாறு வருடமாக நினைக்கிறேன், இன்னும் எழுதவில்லை. இழந்தது ஒரு சிப்பாயை. அவன் பேரை நான் கேட்கவில்லை. ஜெபத்தில் அவனைச் சொல்லும்போது அந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்துவேன், அவ்வளவுதான்.

சபையில் யார் செத்தாலும் பெட்டியின் பின்மூலை என்னுடையது. இதுவரை பத்தொன்பது பேர். பத்தொன்பதாவது, போன மாதம், உபதேசியார். குழியோரம் இறக்கும்போது ஒவ்வொரு முறையும் எனக்குள் சொல்லிக்கொள்வேன். வந்துட்டேன்.

பத்தொன்பது முறை சொல்லியாயிற்று. காத்திருந்தவனிடம் மட்டும் சொல்லவில்லை.