ஐயாயிரத்தில் தொடங்கிய எண்

அவைக்குத் தலைமையேற்று, என் பேச்சு நீண்டால் மணியடிக்கவும் தயாராக அமர்ந்திருக்கும் அன்பிற்குரிய கோவிந்தராஜன் அவர்களே! புனே போபோடி முருகனுக்கு மாலை தொடுத்தே விரல் தேய்ந்த பெரியோர்களே! காலையில் கோலமிட்டு, முற்பகலில் சமைத்து, இப்போது என்னையும் பொறுத்துக்கொள்ள வந்திருக்கும் தாய்மார்களே! ஹடப்சரிலிருந்தும் வானவடியிலிருந்தும் வண்டி முறுக்கி வந்திருக்கும் இளைஞர்களே! தமிழ் பேசத் தெரிந்தும் வாசிக்கத் தயங்கும் தங்கங்களே! உங்கள் அனைவரையும் இந்த விச்சு வணங்குகிறேன்.

நம் கோயிலின் புதிய இணையதளத்தைத் தொடங்கி வைக்க என்னை அழைத்திருக்கிறீர்கள். இதோ, மேசையில் கம்ப்யூட்டர். ஒரு பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது. ஆனால் அழுத்துவதற்கு முன்னால் ஒரு பழைய பாக்கியைத் தீர்க்க வேண்டும். என்ன, தலைவர் மணியைத் தேடுகிறார்? பணப் பாக்கி இல்லை ஐயா, பயப்படாதீர்கள்!

நான் யார்? பட்டம் பெற்றவனா? பரம்பரைப் பணக்காரனா? தொண்ணூற்று இரண்டில் புனேவுக்கு வந்து, ஹடப்சர் தொழிற்பேட்டையில் படியேறிப் படியேறி பிரிண்டர் ரிப்பன் விற்றவன். கை கறுப்பு, சட்டை கறுப்பு, சில நாள் மூக்கும் கறுப்பு. தொண்ணூற்று எட்டில் இணையம் என்று ஒன்று வந்தது. ரிப்பனுக்கு இனி வாழ்வில்லை என்று கணித்தேன், புத்தகம் வாங்கினேன், இரண்டு கடைக்குத் தளம் செய்து கொடுத்தேன். அடடா, அந்தக் காலம்! மோடம் கிறீச்சிடும் சத்தம் இருக்கிறதே, நாதஸ்வரக்காரர் சீவாளியை ஊதிப் பார்ப்பது போல இருக்கும். ஒரு படம் இறங்கி முடிவதற்குள் ஒரு டீ குடித்து, டம்ளரையும் கழுவி வைத்துவிடலாம். இன்று எல்லாம் இமைப்பொழுதில் வருகிறது. ஆனாலும் அந்தக் காத்திருப்பின் சுகம் எங்கே? அந்தப் படம் தலையிலிருந்து இறங்கி இறங்கி, கடைசியில் முருகன் பாதம் தெரியும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டோமே, அந்தச் சிலிர்ப்பு எங்கே?

ஆம், கோயிலுக்கு முதல் தளம் செய்தவன் நான்தான். அப்போதைய தலைவர் பத்மநாபன் ஐயா, கட்கி வெடிமருந்து ஃபாக்டரியில் ஓய்வு பெற்றவர், கேட்டார், செய்தேன். பக்கத்தின் அடியில் ஒரு கறுப்புப் பெட்டி வைத்தேன். எத்தனை பேர் வந்து பார்த்தார்கள் என்று காட்டும் கவுண்டர். ஒருவர் திறந்தால் ஒன்று கூடும்.

இப்போது தொழில் ரகசியம் சொல்கிறேன், தாய்மார்கள் மன்னிக்க வேண்டும். அந்தக் கவுண்டரை நாங்கள் யாரும் சைபரில் தொடங்க மாட்டோம். புதுக் கடை திறந்த அன்று நம்மாட்கள் நாலு பேரை வாசலில் நிற்க வைப்பதில்லையா? அதே வியாபாரம்தான். முருகனுக்கு ஐயாயிரத்தில் தொடங்கினேன். மூன்று மாதத்தில் ஐயாயிரத்து முந்நூற்றுப் பதினேழு காட்டியது. அந்த முந்நூற்றுப் பதினேழிலும் இருநூறு தடவை திறந்து பார்த்தவன் நான்!

சிரிக்கிறீர்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், இரண்டாயிரமாம் ஆண்டு பங்குனி உத்திரம் வரும்வரை.

சமையலுக்கு ஆள் கணக்குப் போட கமிட்டி கூடியது. வழக்கமாக இருநூறு பேர். பத்மநாபன் ஐயா கம்ப்யூட்டரைப் பார்த்தார். கண் விரிந்தது.

"ஏம்ப்பா விச்சு, ஐயாயிரத்துச் சொச்சம் பேரா வந்திருக்காங்க? பாதிப் பேர் வெளியூர்னு தள்ளு. மீதியில பாதி சோம்பேறின்னு தள்ளு. அப்பவும் ஆயிரத்துக்குக் குறையாதே!"

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயைத் திறந்திருக்க வேண்டும். ஏன் திறக்கவில்லை? அந்தக் கமிட்டியில் பத்து வியாபாரிகள். அந்த எண்ணைப் பார்த்துத்தான் பத்துப் பேரும் எனக்குத் தளம் செய்யும் ஆர்டர் கொடுத்திருந்தார்கள். உண்மை ஒரு பக்கம், ஊதியம் ஒரு பக்கம். ஊமையாக நின்றேன்.

உத்திரத்தன்று ஒன்பது அண்டா சாம்பார் சாதம். உச்சிவேளை பூஜை முடிந்தது, பந்தி முடிந்தது. இரண்டு அண்டா காலி. ஏழு அண்டா அப்படியே ஆவி பறக்க நிற்கிறது. சமையல் பொறுப்பு, இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறாரே, நம் பாலாம்பாள் மாமி. கையில் கரண்டியோடு வந்தார்.

"ஏண்டா விச்சு, அந்த ஐயாயிரம் பேரும் எங்கேடா? கம்ப்யூட்டருக்குள்ளேயே சாப்ட்டுண்டு இருக்காளா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. பத்மநாபன் ஐயா கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பு என்னுது. கணக்குப் போட்டவன் நான். ஊர் அரிசியைப் பாழாக்கிட்டேன். இன்னியோட தலைவர் பொறுப்பை விட்டுடறேன்" என்றார்.

என் பொய்க்கு அவர் தலைகுனிவதா? என் வியாபாரத்துக்கு அவர் விலையா? கால் தானாக நடந்தது. அர்ச்சனைப் பெயர் வாசிக்கும் மைக்கைப் பிடுங்கினேன். "அந்த ஐயாயிரம் நான் போட்ட பொய். ஐயா மேல் தப்பில்லை" என்றேன். கோபுரத்தில் கட்டிய ஒலிபெருக்கி அதைத் தெரு முழுவதும் சொன்னது. மேலே பார்த்தால் முருகன். கீழே பார்த்தால் ஏழு அண்டா. என்ன தோன்றியதோ, இந்தியில் கத்தினேன்: "கானா பஹுத் ஹை! சப் லோக் ஆ ஜாயியே!" சாப்பாடு நிறைய இருக்கிறது, எல்லோரும் வாருங்கள் என்று!

வந்தார்கள் ஐயா, வந்தார்கள்! மூன்று மாதமாக என் தளம் அழைத்து வராத கூட்டத்தை மூன்று நிமிடத்தில் ஒரு மைக் அழைத்து வந்தது. எதிர்ச் சந்து மராத்திக் குடும்பத்தார் வந்தார்கள். மசூதிப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர்கள் வந்தார்கள். ஷிப்ட் முடிந்த ஃபாக்டரித் தொழிலாளிகள் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வந்தார்கள். பத்து வருடம் பக்கத்தில் இருந்தும் உள்ளே வராதவர்கள். நாம் கூப்பிடாததால் வராதவர்கள். ஒரு மராத்தி அம்மா இலையை நீட்டி, "அஜூன் பாத் ஆஹே கா?" என்றார். இன்னும் சாதம் இருக்கிறதா என்று கேட்டார். நம் மாமி, "பைட்டோ, பைட்டோ, நிறைய இருக்கு, மெதுவா சாப்பிடுங்கோ" என்று உட்கார வைத்து, நாலு மொழியைக் கலந்து பரிமாறினார். மாலைக்குள் ஒன்பது அண்டாவும் கவிழ்த்து வைக்கப்பட்டன.

யாரது பின்னால், ஆர்டர் என்ன ஆயிற்று என்று கேட்பது? பத்தில் ஆறு போனது தம்பி. போகட்டும். பத்மநாபன் ஐயா தலைவராகவே தொடர்ந்தார். மறு வருடம் இந்தத் தெருவுக்குக் குழாய் கேட்டு வார்டு ஆபீசுக்குப் போனோம். முன்பெல்லாம் எட்டுப் பேர் போய் எட்டு நாற்காலி தேய்த்து வருவோம். அன்று எங்களோடு நடந்தவர்கள் எத்தனை பேர்! நம் சாம்பாரைச் சாப்பிட்டவர்கள். தெருவில் தண்ணீர் வந்தது.

ஐயா இன்று இல்லை. அவர் கூட்டியும் கழித்தும் போட்ட கணக்கு மட்டும் என் காதில் இருக்கிறது.

இன்று காலை நம் செயலாளர் கௌஷிக், நல்ல பிள்ளை, கேட்டார்: "அங்கிள், கவுண்டரை ஒன் லாக்லேர்ந்து ஸ்டார்ட் பண்ணலாமா? பார்க்க கெத்தா இருக்கும்." தலையைக் குனியாதே கௌஷிக்! நான் பதில் சொல்லாமல் வந்ததற்கு இதுதான் காரணம். இதோ சைபர் போட்டுவிட்டேன். திரையில் தெரிகிறதா?

மாமி, மேடைக்கு வாருங்கள். கௌஷிக், கையைப் பிடித்துக்கொள். இந்தப் பொத்தான்தான் மாமி. அழுத்துங்கள். என்ன கேட்கிறார்? இன்றைக்கு எத்தனை பேருக்குச் சமையல் என்று கேட்கிறார்! இங்கே இருநூற்றைம்பது மாமி, தெருவுக்கு வேறு தனியாகச் சமைத்திருக்கிறது. நானே பின்வரிசை வரை நடந்து தலையெண்ணிச் சொன்னது!

ஆ, பாருங்கள். ஒன்று. இந்தத் தளத்துக்கு வந்த முதல் ஆள், கரண்டி பிடித்த கை. ஒரே ஒருவர்தான், ஆனால் நிச்சயமாக வந்திருக்கிறார்.

மணியடிக்காமல் பொறுத்த தலைவருக்கும், பசியோடு கேட்ட உங்களுக்கும் என் நன்றி. வாசல் கதவைத் திறந்தே வையுங்கள், மைக் இப்போது கௌஷிக்குக்கு. தெருவைச் சாப்பிடக் கூப்பிடட்டும். வணக்கம்!