நிமிர்ந்த அலையில் தெரிந்தது

— மறுபடியும் சுருட்டைத்தலையா போன்ல?

— அவருக்குப் பேர் இருக்குங்க.

— முடிதான் முதல்ல கண்ணுல படுது, நான் என்ன பண்ண? நமக்குத்தான் அங்க வெட்டவெளி ஆயிடுச்சே.

— சட்டையைத் தேய்ங்க. ஒரே காலரை எவ்வளவு நேரம்...

— விமானம் ஓட்டுறவனுக்குக் காலர் தொங்கலாமா? அது சரி, பகல் பூரா இருட்டு ரூம்ல ஒண்ணா உக்காந்தது போதலையா?

— இருட்டு ரூம் இல்ல, ரேடார் ரூம். நாங்க ஆறு பேர். அதுல ரெண்டு பேர் குறட்டை.

— அவன் விடலையே குறட்டை!

— பொறாமையா?

— எனக்கா? சேச்சே... நான் வெயில்ல வேகுறேன். அவன் ஏசியில உக்காந்து, 'ஆகா, இந்தப் புள்ளிதான் உங்க வீட்டுக்காரர்'ங்கிறான்.

— அந்தப் பழைய ரேடார்ல புள்ளிதானே தெரியும்? எந்த விமானம்னு பிரிச்சுப் பாக்க அவர்தான் வழி கண்டுபிடிச்சார்.

— தெரியும். பாத்திரக் கதை. சோறு இறங்குறதே இப்பல்லாம் அதைக் கேட்டுத்தான்.

— தட்டினா அண்டா ஒரு மாதிரி அதிரும், சொம்பு ஒரு மாதிரி அதிரும் இல்ல? நீள அலை பட்டா விமானமும் அதது அளவுக்கு அப்படித்தான். படுக்கை அலை அனுப்பினா இறக்கை பதில் சொல்லும். நிமிர்ந்த அலைக்கு வால் பதில் சொல்லும்.

— நான் கேட்டா உன்கிட்ட ஒரு வார்த்தை வராது. அவன் கேட்டா வால்கூடப் பதில் சொல்லுது!

— சிரிக்கிற நிலைமையில நான் இல்லைங்க.

— ஏன்... இன்னைக்குச் சோதனை என்னாச்சு?

— உங்களுக்குத் தெரியாதா?

— மேல இருக்கிறவனுக்கு யார் சொல்றா? போனேன், வந்தேன்.

— எது எந்த விமானம்னு எழுதி உறைக்குள்ள வெச்சு ஒட்டியிருந்தாங்க. மூணு சுத்து சரியாச் சொன்னோம். நாலாவதுல கவுந்துட்டோம்.

— அடடா... சுருட்டை நேராயிருக்குமே.

— திட்டத்தையே மூடப்போறாங்க. அவரை மலை ஸ்டேஷனுக்குத் தூக்கி அடிக்கிறாங்க.

— மலையா? குளிருமே, பாவம்.

— குரல்ல என்ன அவ்வளவு சந்தோஷம்?

— தும்மல்மா, தும்மல்.

— சோதனைக் குழுத் தலைவர் இப்பக் கூப்பிடுவார். என்ன தப்பு நடந்துச்சுன்னு நான் சொல்லணும்.

— அப்படி என்னதான் உளறினான்?

— 'இது உங்க வீட்டுக்காரர் விமானம்தான், ஆனா சக்கரம் கீழ இறங்கியிருக்கு'ன்னார். நிமிர்ந்த அலையில ஏதோ கூடுதலா வருதாம், சக்கரத்தோட கால் நிமிர்ந்து நிக்கிற மாதிரி.

— சக்கரம்கூடவா தெரியுது?

— என்னங்க, கருகுற வாசனை!

— ம்? ஆ... காலர்.

— எனக்குக் கோபம் வந்துடுச்சு. நடுவானத்துல யாராவது சக்கரத்தோட சுத்துவாங்களா? 'என் வீட்டுக்காரர் அதை மறக்கிற ஆளே இல்ல. சக்கரம் தெரிஞ்சா அது அவர் விமானமே இல்ல'ன்னு அடிச்சுப் பேசினேன். அவர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். அங்க நான்தானே மூத்தவ? 'தெரியாத விமானம்'னு எழுத வெச்சேன். உறையைப் பிரிச்சா... நீங்க.

— எனக்காகவா... அவன்கிட்ட சண்டை போட்டே?

— வேற யாருக்காகப் போடுவேன்? இருங்க, தலைவர் கூப்பிடுறார். 'இல்லாத சக்கரத்தைக் காட்டுது, இந்த முறையை நம்ப முடியாது'ன்னு சொல்லிடறேன். அதுதானே உண்மை? ... என்னங்க இது, போனை ஏன் பிடுங்குறீங்க?

— சார், வணக்கம். நாலாவது சுத்துல பறந்தது நான்தான். அந்தச் சுருட்டை... மன்னிக்கணும், உங்க இன்ஜினியர் சொன்னது சரி. சக்கரம் கீழதான் இருந்துச்சு... இல்ல சார். மறக்கல. நானேதான் இறக்கி விட்டேன்.